துணைத் தலைவரம்மா

2025 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வாசலைக் கூட்டிச் சின்னதாக ஒரு கோலம் போட்டேன். இரவு தூறியிருந்ததால் தெளிக்க வேண்டியிருக்கவில்லை. காபி குடித்தபடியே, களைப்பில் பாதியில் விட்டிருந்த சனிக்கிழமை டைரியை எழுதி முடித்தேன். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. துணி எடுக்கக் காந்திபுரம் போவதற்காக என் கணவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"உன்ற மீட்டிங் முடியறதுக்குள்ள நான் போயிட்டே வந்துருவேன் பாரு," என்றார்.

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டிய நிறுத்த எடம் கெடைக்காதுங்க. டவுன் பஸ்ல போங்க," என்றேன்.

நான் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நூலின் கனத்தையும் முறுக்கையும் அளந்து, அளவு தப்பிய கண்டுகளைத் திருப்பி அனுப்புவது என் வேலை. அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் எங்கள் குடியிருப்பில் என்னை நலச் சங்கத்தின் செயலாளர் ஆக்கினார்கள். அன்று பதினோரு மணிக்குச் சங்கத்தின் பொதுக்குழு கூடவிருந்தது. பழைய நிர்வாகம் முடிந்து புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது.

எங்கள் நகர் மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மூன்றே தெருக்கள். மாநகராட்சித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை வரும். வரும் நாளில் விடிவதற்கு முன்பே யாராவது எழுந்து, தெரு முக்கில் குழிக்குள் இருக்கும் வால்வை இரும்புச் சாவியால் திறக்க வேண்டும். முதல் தெருவின் தொட்டிகள் நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குத் திருப்ப வேண்டும். சாவி என்றால் பூட்டுச் சாவி அல்ல. இடுப்பு உயரத்துக்கு, மேலே குறுக்குக் கைப்பிடி வைத்த கம்பி. எங்கள் சங்கத்தில் துணைத் தலைவருக்கு வேறு வேலையே கிடையாது. தண்ணீர் விடுவதுதான் அவர் வேலை. அடுத்த தண்ணீர் நாள் திங்கட்கிழமை என்று சனிக்கிழமையே தகவல் வந்திருந்தது.

வழக்கம்போல நடக்கப் போனேன். பூங்காவுக்கென்று விட்டிருக்கும் காலி இடத்தருகே தலைவர் நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொடர்ந்து இரண்டு முறை எங்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர், அன்றோடு பதவி முடிகிறது. எனக்காகத்தான் காத்திருந்தார் என்பது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"ஏனுங் அம்மணி, ஒண்ணு கேக்கோணும்."

"சொல்லுங்க."

"நான் துணைத் தலைவருக்கு நிக்கலாமுங்களா? நம்ம விதியில அதுக்கு எடம் இருக்குதா?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. விதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பதவிக்கு ஆசப்பட்டுக் கேக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. சாவி என்கிட்டயே இருக்கட்டும்னுதான். அது அவ பார்த்த வேலைங்க. அந்தப் பேரு அவளுக்குத்தான இருந்துச்சு."

"இத நான் மீட்டிங்ல சொல்றேனுங்க. ஆரும் மறுப்புச் சொல்ல மாட்டாங்க," என்றேன்.

"வேண்டாமுங்க. அத மட்டும் அங்க சொல்லிப்போடாதீங்க. பாவம்னு கை தூக்கினா எனக்கு வேண்டாம். எடம் இருந்தா இருக்குதுங்க. இல்லைன்னா இல்லீங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் 'அவ' என்றது அவருடைய மனைவியை. நான் அக்கா என்று கூப்பிட்டு வந்தேன். எங்கள் நகரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் துணைத் தலைவரம்மா. எந்தத் தேர்தலிலும் அவர் நின்றதில்லை. இரண்டு முறையும் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெங்களூரில் மகனோடு போய்த் தங்கிவிட்டார். அவருடைய தண்ணீர் வேலை தலைவர் தலையில் விழுந்தது. தலைவருக்கு விடியற்காலையில் எழும் வழக்கம் இல்லை. ஆக, அக்காதான் டார்ச்சும் சாவியுமாகக் கிளம்புவார். கைப்பிடியின் துரு உள்ளங்கையை அறுக்காமல் இருக்கப் பழைய பச்சைச் சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிவைத்திருந்தார். வால்வைத் திறந்தபின் தெரு நெடுகக் குரல் கொடுத்துக்கொண்டே போவார். "தண்ணி வந்துருச்சுங்கோ! மோட்டாரு போடறவங்க போடுங்கோ!" சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழு இருந்தாலும் நாங்கள் எழுந்தது அந்தக் குரலுக்குத்தான்.

யாரோ ஒருவர் கேலியாக ஆரம்பித்த பெயர் அது. அக்கா அதைச் சிரிக்காமலே ஏற்றுக்கொண்டார். "துணைன்னா பக்கத்துல சும்மா நிக்கறதுன்னு நெனச்சீங்களா? தலைவர் போர்வைக்குள்ள இருக்கறாரு, துணைதான் குழிக்குள்ள இருக்குது," என்பார்.

இந்த வருடம் மாசியில் நானும் அவரும் காரமடைத் தேருக்குப் போய்வந்தோம். அதற்கு அடுத்த வாரத் தண்ணீர் நாளில் அக்கா வால்வைத் திறந்துவிட்டு, என்னவோ செய்கிறது என்று வீட்டுக்குத் திரும்பி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தலைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். முதல் தெருத் தொட்டிகள் நிறைந்து தண்ணீர் சாலையில் ஓடத் தொடங்கியது. முக்கு வீட்டுக்காரர் குழுவில் ஒரு செய்தி போட்டார்: "தண்ணி ரோட்ல ஆறா ஓடுது. துணைத் தலைவர் தூங்கறாங்களா?" அதற்குச் சிலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தலைவர் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. டார்ச் அக்காவின் மடியில் எரிந்துகொண்டிருந்தது.

முக்கு வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருப்பவர். வெடுக்கென்று பேசுவார், மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். அன்று மத்தியானத்துக்குள் அவரே தன் செலவில் பெரிய ஃபிளெக்ஸ் அடித்துத் தெரு முனையில் கட்டினார். கண்ணீர் அஞ்சலி, நடுவில் அக்காவின் படம், அதன் கீழே 'நகர் நலச் சங்கத் துணைத் தலைவர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கேலிப் பெயர் என்பதையே அவர் மறந்திருந்தார். அக்காதான் துணைத் தலைவர் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறார். ஃபிளெக்ஸ் படத்தைக் குழுவில் பார்த்துவிட்டுப் பெங்களூர்க்காரர் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க, நான் உசிரோடதான இருக்கறேன்?" என்றார். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து, உடனே அழுகை வந்தது. பிழையைச் சுட்டலாமா என்று தலைவரிடம் கேட்டேன். அவர் ஃபிளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரியாத்தானுங்க போட்டிருக்குது. அப்படியே இருக்கட்டும்," என்றார்.

அதற்குப் பிறகு தண்ணீர் வேலையைத் தலைவர் எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் எழப் பழகினார். குரல் கொடுக்க மட்டும் அவருக்கு வரவில்லை. வால்வைத் திறந்துவிட்டுக் குழிக்குப் பக்கத்திலேயே நிற்பார். தொடக்கத்தில் ஓரிரு முறை மூட மறந்துவிட்டார். மூன்றாம் தெருவுக்குத் தண்ணீரே போகவில்லை என்று சண்டை வந்தது. கோடையில் கூடிய கூட்டத்தில், இனிமேல் சாவி துணைத் தலைவர் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெங்களூர்க்காரர் வரப்போவதில்லை என்பதால், தேர்தல் வரைக்கும் தலைவரே அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தத் தேர்தல்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது.

வீட்டுக்கு வந்ததும் விதிகளை எடுத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவற்றை எழுதியவளே நான்தான். இவருக்கு முன்னால் இருந்த தலைவர் பல வருடம் நாற்காலியை விடாமல் இருந்தார். எதிர்ப்பு வந்ததும் தன் அண்ணன் மகனைத் தலைவராக்கித் தான் துணைத் தலைவராகி, பின்னால் இருந்துகொண்டு எல்லாவற்றையும் நடத்தினார். இனி அப்படி ஆகக் கூடாது என்று, இவர் பதவிக்கு வந்த முதல் மாதத்திலேயே புது விதி கொண்டுவந்தோம். அதை எழுதியது இவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். முதல் வாக்கியம்: 'இரண்டு முறை தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எவரும் மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது.' அதோடு நிறுத்தப் போனோம். அடுப்படியிலிருந்து பணியாரத் தட்டோடு வந்த அக்கா குறுக்கே புகுந்தார்.

"அது பத்தாது அம்மணி. அந்த மனுசன் துணையாகித்தான ஆட்டி வெச்சாரு? நாளைக்கு இவரும் அப்படியே உக்காந்துக்கிட்டா நான் என்ன பண்றது? அதையும் சேர்த்து எழுதுங்க. ரெண்டு தடவ முடிஞ்சா நேரா ஊட்டுக்கு வந்துரோணும்." சொல்லிவிட்டுக் கரண்டியால் கணவரைச் சுட்டினார். அவரும் சிரித்துக்கொண்டே, "எழுதுங்க, எழுதுங்க," என்றார். நான் இரண்டாம் வாக்கியத்தை எழுதினேன்: 'தலைவராக இருக்கத் தகுதியில்லாத எவரும் துணைத் தலைவராக இருக்கத் தகுதியற்றவர்.'

இப்போது மறுபடி படித்தபோது, எழுதிய அன்று கண்ணில் படாத ஓர் இடைவெளி தெரிந்தது. முதல் வாக்கியம் தேர்ந்தெடுக்கப்படுவதைத்தான் தடுக்கிறது. தலைவராக இருப்பதைத் தடுக்கவில்லை. தலைவர் பாதியில் விலகினால் துணைத் தலைவர் தேர்தல் இல்லாமலே தலைவராகிவிடுவார். அப்படி வருகிறவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல. ஆகவே இரண்டு முறை தலைவராக இருந்தவரை 'இருக்கத் தகுதியில்லாதவர்' என்று எங்கள் விதி எங்கேயும் சொல்லவில்லை. இரண்டாம் வாக்கியம் அவரைப் பிடிக்காது.

சொல்லின்படி இடம் இருந்தது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. கரண்டியை நீட்டிக்கொண்டு அக்கா நின்றதும் ஞாபகத்தில் இருந்தது. தலைவருக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நானாக ஞாபகப்படுத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கூட்டத்துக்குப் போகும் வழியில், எழுத்துப்படி இடம் இருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

பூங்கா இடத்தின் தகரக் கொட்டகையில் கூட்டம் ஆரம்பித்தது. எல்லோருக்கும் கடைத்தெரு அவசரம். வரவு செலவை வாசித்து முடித்ததும் பழைய நிர்வாகம் கலைக்கப்பட்டதாக அறிவித்தேன். தலைவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு முறை துடைத்துவிட்டு, எதிரில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். முக்கு வீட்டுக்காரர் போட்டியின்றித் தலைவரானார். ஆனாலும் அவருக்கு யாரும் 'தலைவருங்க' என்று சொல்லவில்லை. அந்தச் சொல் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது.

அடுத்து, துணைத் தலைவர். பழைய ஊருக்குள் பைப் கடை வைத்திருக்கும் பாய் எழுந்தார். இரண்டாம் தெருவில் இருப்பவர். எங்கள் வால்வுகளை அசல் விலைக்கே மாற்றிக் கொடுத்தவர்.

"நம்ம தலைவர் பேரையே நான் சொல்றேன். தண்ணி விட்டுப் பழகிட்டாரு, அவரே விடட்டும்," என்றார்.

"பாய், சித்த இருங்க," என்றார் முக்கு வீட்டுக்காரர். "அவரு ரெண்டு தடவ தலைவரா இருந்தாச்சு. துணையா வந்தா, நாளைக்கு நான் முடியாம படுத்துக்கிட்டா மறுபடியும் அவருதான தலைவர்?"

"நீங்க படுக்காம இருங்க!"

கொட்டகை சிரித்தது. முக்கு வீட்டுக்காரரும் சிரித்தார், விடவில்லை. "வெளையாட்டு இல்லீங்க பாய். வாசல்ல வர முடியலைன்னா கொல்லப்பக்கமா வரலாமுங்களா? முந்தி ஒருத்தர் வந்தாரே, அதுக்குத்தான விதியே போட்டோம்."

மூன்றாம் தெரு டீச்சர் கையை உயர்த்தினார். அவர் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். "இதே வாதம்தான் அங்கயும் ஓடுதுன்னு என்ற பொண்ணு சொன்னா. ரெண்டு தடவ ஜனாதிபதியாத் தேர்ந்தெடுத்தவங்களை மூணாவது தடவ தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம். ஜனாதிபதியா வரத் தகுதி இல்லாதவங்க துணை ஜனாதிபதியா வரக் கூடாதுன்னு அதுக்கு முந்தியே ஒரு சட்டம். அப்ப ரெண்டு தடவ இருந்தவங்க துணையா வரலாமா, கூடாதான்னு பெரிய பெரிய படிப்புக்காரங்களே அடிச்சுக்கறாங்களாம். கோர்ட்டு இன்னும் ஒண்ணும் சொல்லலையாம்."

"அமெரிக்காக்காரருக்கு விடிகாலைல வால்வு திருப்பற வேலை இல்லீங்களே டீச்சர்," என்றார் பாய். "நம்ம டெல்லில எப்படிங்க?"

"நம்ம நாட்டுல ஜனாதிபதியா இருந்தவங்க துணை ஜனாதிபதி ஆகக் கூடாதுன்னு எழுதியே வெக்கலைங்க. ஆனா ஆரும் ஆனதில்லை."

"எப்படி ஆவாங்க?" என்றார் முக்கு வீட்டுக்காரர். "மேல இருந்தவங்க ஆராச்சும் கீழ எறங்கோணும்னு ஆசப்படுவாங்களா? ஆசப்பட்டா அதுக்குள்ள என்னமோ இருக்குதுன்னுதான அர்த்தம்?"

உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தக் கொட்டகையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல மாட்டேன் என்று காலையில்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து முக்கு வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடப் போகிறாரே என்று நான் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், நீங்க சொல்லுங்க," என்றார் முக்கு வீட்டுக்காரர். "விதி உங்க கையில. நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன்."

நான் எழுந்து இரண்டு வாக்கியங்களையும் வாசித்தேன். தேர்ந்தெடுக்கப்படுவதற்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, ஆலையில் புது ஆட்களுக்கு முறுக்கு அளவைச் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாக விளக்கினேன். "அதனால, எழுத்துப்படி இவரு துணைத் தலைவருக்கு நிக்கலாம். தடை இல்லீங்க," என்று முடித்தேன்.

முக்கு வீட்டுக்காரர் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எழுத்து அப்படித்தான் இருக்குதுங்க. சரி, சொன்ன சொல் சொன்னதுதான். நான் மறுக்கல," என்றார்.

பாய் கை தட்டினார். கைகளை உயர்த்தச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தபோது தலைவர் எழுந்தார்.

"அம்மணி, அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"இத எழுதுன அன்னைக்கு நம்ம என்ன நெனச்சு எழுதினோம்?"

கேட்டது என்னிடம்தான் என்றாலும், அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்த வரி நான் சொன்னதில்லீங்க, செயலாளரம்மா சொன்னதும் இல்லீங்க. என்ற ஊட்டுக்காரி சொன்னது. என்னைய நேராக் காட்டித்தான் சொன்னா. ரெண்டு தடவ முடிஞ்சா ஊட்டுக்கு வந்துரோணும், துணையாக்கூட உக்காரக் கூடாதுன்னுட்டா. நானும் எழுதுங்கன்னேன். எழுத்துல சந்து இருக்குதுன்னா அது எழுதுன நம்ம தப்புங்க. அவ சொன்னதுல சந்து இல்லீங்க." குரல் கொஞ்சம் தடுக்கியது. "ஆசயாத்தான் இருந்துச்சு. என்ற பேரை எடுத்துருங்க பாய்."

முக்கு வீட்டுக்காரர் எழுந்து, "தலைவருங்க, நான் அந்த அர்த்தத்துல பேசலைங்க," என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசினதுதானுங்க சரி," என்றார் அவர்.

துணைத் தலைவர் பதவிக்கு வேறு பெயரைச் சொல்லும்படி இரண்டு முறை கேட்டேன். யாரும் சொல்லவில்லை. அக்காவின் இடத்தில் இன்னொரு பெயரைச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் நாக்கு எழவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் பாய்தான், "அடுத்த கூட்டம் வரைக்கும் சாவிய செயலாளரம்மாவே வெச்சுக்கட்டும்," என்றார். கூட்டம் கலைந்தது. வழக்கமாகக் கடைசிவரை நின்று பேசுகிறவர்கள்கூட அன்று வேகமாகப் போய்விட்டார்கள்.

என் கணவர் இரண்டு பைகளோடு திரும்பியிருந்தார். எனக்கு ஒரு பச்சைச் சேலை எடுத்து வந்திருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி அலமாரியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னபோது, "நீ பொட்டாட்ட வாய மூடிட்டு இருந்திருந்தா அவரு நின்னே இருக்க மாட்டாரு. எடம் இருக்குதுன்னு சொல்லித்தான் அவருக்கு நெஞ்சுல நம்பிக்கை வந்துருச்சு," என்றார். அது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டார், இருப்பதைச் சொன்னேன்.

சாயங்காலம் தலைவரே வந்தார். சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நாளைக்குத் தண்ணி நாள். அதான் இப்பவே குடுத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

வாங்கிக்கொண்டேன். கைப்பிடியில் பச்சைச் சேலைத் துண்டு அப்படியே இருந்தது. பல கோடையும் மழையும் பட்டு வெளுத்திருந்தது. ஓரத்தில் புதிதாக நூல் போட்டுத் தைத்திருந்தார். தையல் கோணலாக இருந்தது.

"அத அவுக்காதீங்க," என்றார். "கை அறுக்கும்."

"அவுக்க மாட்டேனுங்க."

"வந்த ஒடனே முழுசாத் தெறக்காதீங்க. குழாய்க்குள்ள காத்து இருக்கும். பாதி தெறந்து நிறுத்தோணும். உள்ள ஒரு சத்தம் கேக்கும், அது அடங்குனதுக்கு அப்பறம் மீதி. அவ எனக்குச் சொல்லிக் குடுக்கலைங்க. நானாத்தான் கண்டுபிடிச்சேன். அவ இருக்கும்போது ஒரு நாள்கூட எந்திரிச்சுப் போய்ப் பார்த்ததில்லைங்க நான்."

ஏதாவது பேச வேண்டும் என்று, "அந்த ஃபிளெக்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. கட்டடம் கட்டறவங்க சிமெண்டு மூட்ட மேல போட்டுக்கறோம்னு கேட்டாங்க, குடுக்கல. கட்டிலுக்கு அடியில சுருட்டி வெச்சிருக்கேன்." கொஞ்சம் நகர்ந்தவர் திரும்பினார். "பேரு அதுல இருக்குதுல்ல. அது போதுமுங்க."

தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அவர் வெறும் கைகளோடு நடந்து போனார். பாதி தூரம் போனபின் அந்தக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள், அக்டோபர் 13, திங்கட்கிழமை. பால் பாக்கெட்டை எடுக்கவில்லை, கோலம் போடவில்லை. முதல் வேலையாகச் சாவியை எடுத்துக்கொண்டு தெரு முக்குக்குப் போனேன். இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. குழிக்குச் சற்றுத் தள்ளி, முக்கு வீட்டு மதிலோரம் தலைவர் நின்றிருந்தார். தூக்கம் கலைந்துவிட்டது என்றார். நான் சாவியை அவர் பக்கம் நீட்டினேன். "எனக்குப் பழக்கமில்லீங்க. இன்னைக்கு ஒரு நாள் நீங்க திருப்புங்க," என்றேன். அவர் பின்னால் கட்டிய கைகளை எடுக்கவில்லை. "நீங்கதானுங் திருப்போணும்," என்றார்.

சேலைத் துண்டின் மேல் கை வைத்துத் திருப்பினேன். இறுக்கமாக இருந்தது, பிறகு இளகியது. "போதும், நிறுத்துங்க," என்றார். நிறுத்தினேன். தரைக்கு அடியில் காற்று முனகும் சத்தம் கேட்டது. இருவரும் அதைக் கேட்டபடி நின்றோம். சத்தம் அடங்கியதும், "இப்பங்க," என்றார். மீதியைத் திறந்தேன். குழாய்க்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியது. எந்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை. அவர் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வீட்டு வாசலுக்குப் போய், "தண்ணி வந்துருச்சுங்கோ," என்று கூப்பிட்டேன்.